திறந்த மூலமா, மூடிய மென்பொருளா: இன்னும் மனசை அரிக்கும் ஓர் அனுபவம் சொல்லுங்கள்

பழைய_பென்டியம்

மூலநிரலை யாரும் படிக்கலாம் என்றால் திறந்த மூலம், முடியாது என்றால் மூடியது. கொள்கைச் சண்டை வேண்டாம். ஒரு கருவி, ஒரு கோப்பு, ஒரு பிழை, அவ்வளவுதான். முதல் போணி ஒரு தட்டை ஸ்கேனர்.

கண்ணாடி, விளக்கு, மோட்டார் எல்லாம் நல்ல நிலையில். தயாரித்த நிறுவனம் 32-பிட் டிரைவரோடு (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்) கையைக் கழுவிவிட்டது. 64-பிட் விண்டோஸ் 32-பிட் கெர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு) டிரைவரை ஏற்றவே ஏற்றாது. பழைய பதிப்புக்கான பொருத்த அமைப்பை எப்படித் தட்டினாலும் பயனில்லை, அது சாதாரண நிரல்களுக்கு மட்டும்தான். லினக்ஸ் லைவ் யுஎஸ்பியில் ஏற்றினால் ஸ்கேனர் பட்டியலில் வருகிறது, ஸ்கேன் அழுத்தினால் பிழை. இங்கேதான் பலர் 'லினக்ஸிலும் ஓடவில்லை' என்று மூட்டை கட்டுகிறார்கள்.

விஷயம் இதுதான்: சில ஸ்கேனர்களுக்குள் ஃபர்ம்வேர், அதாவது கருவியை உள்ளிருந்து ஓட்டும் நிரல், நிரந்தரமாக இருக்காது. மின்சாரம் வரும்போதெல்லாம் கணினி அதை அனுப்பியாக வேண்டும். லினக்ஸில் ஸ்கேனர்களை ஓட்டும் சேன் திட்டத்தில் ஜிடி68எக்ஸ்எக்ஸ், ஸ்னாப்ஸ்கேன் டிரைவர்கள் பார்த்துக்கொள்ளும் மாடல்கள் பல இந்த ரகம். டிரைவர் திறந்த மூலம், ஃபர்ம்வேர் மூடியது. அதை விநியோகிக்கும் உரிமை சேனுக்கு இல்லை. பழைய நிறுவல் சிடியில் இருக்கும் கேப் என்ற சுருக்கக் கோப்பைப் பிரித்து, ஃபர்ம்வேரை எடுத்து, சேன் சொல்லும் அடைவில், சொன்ன பெயரிலேயே வைக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறினால்கூட ஓடாது. வைத்ததும் விளக்கு எரிந்து வண்டி நகர்ந்தது.

அந்த சிடி குப்பைக்குப் போயிருந்தால் திறந்த டிரைவர் இருந்தும் பிரயோசனமில்லை. அதுதான் உறுத்துகிறது.

கருந்திரை

ஸ்கேனர் பரவாயில்லை, திரையாவது தெரிகிறது. கெர்னல் புதுப்பித்து மறுதொடக்கம் செய்ததும் கன்னங்கரேல். மூடிய கிராபிக்ஸ் டிரைவர் வைத்திருக்கும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

லினக்ஸ் கெர்னலுக்குள் நிலையான இடைமுகம் என்று எதுவும் கிடையாது, வேண்டுமென்றே வைத்துக்கொள்ளவில்லை. கெர்னலோடு சேர்ந்த டிரைவர்களை மாற்றம் செய்பவரே திருத்திவிடுவார். வெளியே நிற்கும் டிரைவரை ஒவ்வொரு கெர்னலுக்கும் மறுபடி கம்பைல் செய்யணும். டிகேஎம்எஸ் என்ற கருவி தானாகச் செய்யும், ஆனால் புதிய கெர்னலின் ஹெடர் தொகுப்பு (கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இருந்தால்தான். இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிடும். மூடிய டிரைவரை நிறுவும்போதே திறந்த மாற்று டிரைவர் தடைப்பட்டியலுக்குப் போய்விடும். இதுவும் இல்லை, அதுவும் இல்லை, கருப்புத்தான்.

கையொப்பமில்லாத நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கினால் இன்னொரு குழி. டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் நீலத்திரை ஒன்று சில நொடி நிற்கும். அங்கே சாவியைப் பதிவு செய்யாமல் 'தொடர்க' அழுத்தினால் டிரைவர் மாட்யூல் கம்பைல் ஆகியிருக்கும், கையொப்பமும் இருக்கும், ஆனால் கெர்னல் ஏற்காது. அந்த நீலத்திரையைக் கவனிக்காமல் டிரைவரை அழித்து அழித்து நிறுவுபவர்களே அதிகம்.

மீள: துவங்கும்போது எஸ்கேப் (பழைய பயாஸில் ஷிஃப்ட்), க்ரப் எனும் துவக்கப் பட்டியலில் முந்தைய கெர்னல். அதில் ஏறி ஹெடரை நிறுவி, டிகேஎம்எஸ் நிலையைப் பாருங்கள். புதிய கெர்னல் எண்ணுக்கு எதிரே 'நிறுவப்பட்டது' என்று வந்தால்தான் மறுதொடக்கம்.

அரைப்புள்ளி

டிரைவரை மாற்றலாம், அட்டையையே மாற்றலாம். எழுத்துருவுக்குள் மாட்டிய உரையை என்ன செய்வீர்கள்?

பாமினியில் (ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போட்ட எழுத்துரு) அடித்த பழைய வேர்டு கோப்பு. இணைய மாற்றியில் ஒட்டி யூனிகோடாக எடுத்தாயிற்று. பார்வைக்குத் துப்புரவாக இருக்கிறது. 'அவர்' என்று தேடினால் பூச்சியம். பக்கத்துக்கு நாலு 'அவர்' கண்ணெதிரே நிற்கிறார், தேடலுக்கு மட்டும் ஒருவரும் இல்லை.

தட்டச்சு செய்தவர் ர் எழுத்தைக் காலும் புள்ளியுமாக அடித்திருக்கிறார். அந்த எழுத்துருக்களில் ர், ரி, ரீ மூன்றையும் அப்படி அடிப்பது வழக்கம்தான். மாற்றி அதைத் துணைக்கால், புள்ளி என்றே மொழிபெயர்த்துவிட்டது. 'அவா்', 'அவர்' இரண்டும் திரையில் இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கு அந்நியர்கள்.

செய்ய வேண்டிய ஒழுங்கு, ஒழுங்கு மாறினால் குப்பை:

முதலில் கோப்பை லிப்ரே ஆபிஸில் திறந்து டாக்எக்ஸாகச் சேமியுங்கள். டாக்எக்ஸ் என்பது ஒரு ஜிப் பொதி. பிரித்தால் உள்ளே டாகுமென்ட் எக்ஸ்எம்எல். ஒவ்வொரு உரைத்துண்டுக்கும் எழுத்துருப் பெயர் எழுதியிருக்கும். பாமினி என்றிருக்கும் துண்டை மட்டும் மாற்ற வேண்டும். முழு உரையையும் மாற்றியில் ஒட்டினால் இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் கூளமாகிவிடும். வேர்டு ஒரே சொல்லைக்கூட இரண்டு மூன்று துண்டாக வெட்டி வைக்கும். கொம்பு ஒரு துண்டில், அதன் எழுத்து அடுத்த துண்டில் என்று பிரிந்திருக்கும். ஆகவே ஒரே எழுத்துருவுள்ள அடுத்தடுத்த துண்டுகளை முதலில் ஒட்டுங்கள்.

பிறகு நீளமானதிலிருந்து குறுகியதற்கு வாருங்கள். கொம்பு, எழுத்து, கால் மூன்றும் சேர்ந்த 'கொ' வகை முதலில், கொம்பும் எழுத்துமான 'கெ' வகை அடுத்து. பாமினியில் கொம்பு முன்னால் நிற்கும், யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால். கொம்பும் காலும் தனித்தனியாகத் தங்கிப்போனால் என்எஃப்சி இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் பல குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடு முறை) ஒட்டிக் கொடுக்கும், அதற்காகக் கவலை வேண்டாம். ஆனால் 'கொ' வகையைத் தொடும் முன்பே, காலுக்குப் பின்னால் புள்ளியோ கொக்கியோ (ி, ீ) வந்தால் அந்தக் காலை ர ஆக்குங்கள், இல்லையென்றால் 'தேர்' 'தோ்' ஆகிவிடும். முறையான தமிழில் காலுக்குப் பின் அவை வரவே முடியாது, எனவே கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம்.

கடைசி வில்லங்கம் ஔகாரம். 'மௌனம்' பழைய கோப்பில் 'மெளனம்' என்று ளகரத்தோடு இருக்கும். ள-வுக்குப் பின் குறியோ புள்ளியோ இருந்தால் அது உண்மையான ள: தெளிவு, வெளி, தெள்ளிய. வெறும் ள என்றால் ஔகாரக் குறி: மௌனம், வௌவால், கௌரவம். இந்த விதி அபூர்வமாகவே பிசகும்.

இத்தனையும் முடிவது டாக்எக்ஸைப் பிரிக்க முடிவதால். அந்த வடிவம் 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்ற சர்வதேசத் தரமானது. எழுதிய மென்பொருள் மூடியதே, வடிவம் திறந்தது. பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் இருந்திருந்தால் கதை வேறு. 2001இல் வந்த 7.0 தான் கடைசிப் பதிப்பு. அதன் வாரிசான இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் அதைத் திறக்கும். மீதி நம்பிக்கை, பழைய கோப்பு வடிவங்களைப் படிக்கும் டாகுமென்ட் லிபரேஷன் திட்டத்தின் நூலகம், அதைப் பயன்படுத்தும் லிப்ரே ஆபிஸ் டிரா. பக்க அமைப்பு கலையும், உரை பெரும்பாலும் கிடைக்கும்.

மூலநிரல்

அரைப்புள்ளி சொன்னது அருமை, ஆனால் முடிவில் உடன்பாடில்லை. வடிவம் மட்டும் திறந்தால் போதும் என்பது பாதிக் கிணறு. நிரலையும் பார்க்க முடியணும்.

2024 மார்ச் 29. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் பகிரங்கப்படுத்துகிறார். தொலைவிலிருந்து கணினிக்குள் செல்லும் எஸ்எஸ்எச் நுழைவு ஏறக்குறைய அரை விநாடி தாமதமாகிறது என்பதுதான் நூல்முனை. அதைப் பிடித்து இழுத்தார். எஸ்எஸ்எச் சர்வருக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பே இல்லை. சில லினக்ஸ் விநியோகங்கள் சிஸ்டம்டி (சேவைகளைத் துவக்கி நடத்தும் நிரல்) அறிவிப்புக்காக ஒட்டுப்போட்டதால் அந்த வழியாக நூலகம் உள்ளே வருகிறது. மூலநிரல் கையில் இல்லாத மென்பொருளில் அந்த அரை விநாடியை 'சர்வர் மெதுவு' என்று விட்டிருப்பார்கள்.

தூசுபடிந்த_சிபியு

மூலநிரல் சார், அதே கதையின் மறுபாதியையும் சொல்லுங்க. பின்கதவைத் தூண்டும் வரி எல்லோரும் பார்க்கும் கிட் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. பதிப்பாக வெளியிடும் தார்ப்பொதியில், கம்பைலுக்கு உதவும் ஒரு எம்4 கோப்பில் இருந்தது. சரக்கு சோதனைக் கோப்புகளுக்குள். மூலநிரலைப் படித்தவர் கண்ணில் படாதபடி திட்டமிட்டே வைத்தது. ஆயிரம் கண் பார்க்கும் என்றால் ஹார்ட்பிளீட் பிழை 2012 முதல் 2014 வரை குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல்லில் எப்படி உட்கார்ந்திருந்தது?

அதற்காக மூடியது மேல் என்று சொல்லவில்லை. 2024 ஜூலை 19, பாதுகாப்பு மென்பொருள் கிரவுட்ஸ்ட்ரைக்: 20 உள்ளீடு தரும் நிரலிடம் 21ஆவதைக் கேட்டது புதிய கோப்பு. நினைவக எல்லை தாண்டியது, 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. தீர்வு ஒரு நிமிட வேலை: சேஃப் மோடில் ஏறி 'சி-00000291' என்று தொடங்கும் கோப்பை அழிப்பது. ஆனால் பிட்லாக்கர் வட்டுக் குறியாக்கம் போட்ட கணினியில் அதற்கு முன்னால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அங்கேதான் ஊரே நின்றது.

அதனால் யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சாவியை அதே கணினியில் சேமிக்காதீர்கள், காகிதத்தில் அச்சடியுங்கள். அச்சடித்தபின் சாவியின் அடையாள எண்ணும் திரையில் கேட்கும் எண்ணும் ஒன்றா என்று ஒருமுறை சரிபாருங்கள். வட்டை மறுபடி குறியாக்கம் செய்தால் சாவி மாறிவிடும், பழைய தாள் வெறும் தாள். லினக்ஸில் லக்ஸ் குறியாக்கம் போட்டவர்கள் சிரிக்க வேண்டாம். வட்டின் தலைப்பகுதி (லக்ஸ்2இல் வழக்கமாக 16 எம்பி) கெட்டால் சரியான கடவுச்சொல்லும் செல்லாது. அதன் கருவியான கிரிப்ட்செட்டப்பில் தலைப்பகுதியைப் பிரதி எடுக்கும் கட்டளை இருக்கிறது, பிரதியை வேறு வட்டில் வையுங்கள். கடவுச்சொல்லை மாற்றியபின் பழைய பிரதியை அழிக்கணும். பழைய கடவுச்சொல் அந்தப் பிரதியோடு இன்னும் வேலை செய்யும்.

வரிசை_65536

பெயரே சொல்லும். எக்ஸலின் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசை, புதிய எக்ஸ்எல்எஸ்எக்ஸில் 10,48,576. அதற்குமேல் வரும் தரவு காணாமல் போகும், யாரும் கதற மாட்டார்கள். இங்கிலாந்தில் 2020 அக்டோபரில் 15,841 கோவிட் தொற்றுகள் அறிக்கையில் விடுபட்டதும் பழைய எக்ஸ்எல்எஸ் வரம்பால்தான்.

உறுத்தும் தருணம் இன்னும் சிறியது: 16 இலக்க எண் உள்ள சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்று உரைக் கோப்பு), இரட்டைச் சொடுக்கு, சேமி. கடைசி இலக்கம் 0. எக்ஸல் 15 இலக்கத்துக்கு மேல் பிடிக்காது. எண்ணின் முன்னால் இருந்த சுழியும் போச்சு. மரபணுப் பெயர்கள் தேதியாக மாறியதால் 2020இல் பெயர்க்குழுவே பெயர்களை மாற்றியது தெரியுமல்லவா? 2023இல்தான் அந்தத் தானியங்கி மாற்றத்தை நிறுத்தும் அமைப்பு எக்ஸலுக்கு வந்தது.

லிப்ரே ஆபிஸ் இதில் புனிதம் என்று யாரும் குதிக்க வேண்டாம். அதுவும் எண்ணாகப் படித்தால் இதே கதிதான். ஒரே வித்தியாசம், சிஎஸ்வி திறக்கும்போதே எந்தக் குறியாக்கம், எந்தப் பத்தி உரை என்று கேட்கிறது. எக்ஸலில் 'தரவு' தாவலுக்குப் போய், உரை அல்லது சிஎஸ்வியிலிருந்து இறக்குமதி என்பதை எடுத்து, 65001 யுடிஎஃப்-8 தேர்ந்து, பத்தியை 'உரை' ஆக்கணும். தமிழ் சிஎஸ்வி பூச்சி பூச்சியாகத் தெரிவதும் இதனால்தான். கோப்பின் தொடக்கத்தில் யூனிகோடு என்று காட்டும் பாம் குறி இல்லையென்றால் எக்ஸல் பழைய குறியாக்கம் என்று நினைத்துக்கொள்கிறது.

எந்த மென்பொருளையும் நம்பும் முன் ஐந்து வரிச் சோதனைக் கோப்பு ஒன்று போதும். சுழியில் தொடங்கும் எண், 16 இலக்க எண், தேதி போலத் தெரியும் சொல், காற்புள்ளியும் மேற்கோளும் உள்ள தமிழ் வரி, ஒரே கட்டத்துக்குள் வரி முறிவு. உள்ளே அனுப்பி, வெளியே எடுத்து, டிஃப் (இரு கோப்பின் வேறுபாட்டைக் காட்டும் கருவி) போடுங்கள். விற்பனைப் பேச்சைவிட அந்த டிஃப் அதிகம் பேசும்.

கருந்திரை

சிஎஸ்வி எங்கே, என் கெர்னல் எங்கே! தலைப்புக்கு வருகிறேன். கிராபிக்ஸ் அட்டை நிறுவனம் என்விடியா 2022 மே மாதம் கெர்னல் மாட்யூலை ஜிபிஎல், எம்ஐடி எனும் இரு திறந்த உரிமங்களில் திறந்தது. டூரிங் தலைமுறை அட்டை முதல்தான். பழைய அட்டைக்கு இல்லை. கணிசமான வேலை அட்டைக்குள் ஓடும் ஃபர்ம்வேருக்குப் போய்விட்டது, அது மூடியது, அட்டையில் கணக்கீடு ஓட்டும் 'கூடா' என்ற நூலகங்களும் மூடியவை. பழைய_பென்டியம் ஸ்கேனர் மாதிரியேதான்.

மூலநிரல்

சிபியு சொன்ன எம்4 விஷயம் சரி, மறுக்கவில்லை. ஆனால் உரிமத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் (சர்வர் கட்டமைப்புக் கருவி), 2024 மார்ச்சில் ரெடிஸ் (தரவுத்தளம்) திறந்த உரிமத்தை விட்டன. உடனே பழைய திறந்த நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு, வால்கீ என்று கிளைகள். வால்கீ பிறந்தது ரெடிஸ் 7.2.4இலிருந்து. பிஎஸ்டி என்ற திறந்த உரிமத்தில் ஒருமுறை வெளிவந்ததை யாராலும் திரும்பப் பிடுங்க முடியாது. ரெடிஸ் 2025 மே மாதம் ஏஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது, அது தனி.

புதிய திட்டத்தை எடுக்கும்போது பங்களிப்பாளர் ஒப்பந்தத்தைப் படியுங்கள். எல்லாப் பங்களிப்பையும் விருப்பப்படி மறுஉரிமம் செய்யும் அதிகாரத்தை ஒரே நிறுவனத்துக்குக் கொடுக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸ் கெர்னலில் அப்படி ஒப்பந்தம் இல்லை, கையொப்ப வரி மட்டும். ஆயிரக்கணக்கானோர் கையில் பதிப்புரிமை, ஆகவே ஜிபிஎல் 2ஐ அசைக்க முடியாது.

பழைய_பென்டியம்

அரைப்புள்ளி, உங்கள் ஒழுங்கைப் பின்பற்றினால் 'அவர்' கிடைக்கிறார். 'ஸ்ரீ' மட்டும் பாதிதான் தேடலில் வருகிறது. ஏன்?

அரைப்புள்ளி

ஸ்ரீக்கு யூனிகோடில் இரண்டு வழி புழங்குகிறது. ஸ, புள்ளி, ரீ ஒன்று. ஶ, புள்ளி, ரீ இன்னொன்று. ஶ எழுத்து 2005இல் யூனிகோடு 4.1இல் வந்தது, அதற்கு முந்தைய கோப்புகளும் விசைப்பலகைகளும் ஸகரத்தோடு. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவில் வரையும். என்எஃப்சி இதைத் தொடாது, ஏனென்றால் இரண்டும் சமமானவை என்று தரத்தில் இல்லை. ஏதாவது ஒன்றைத் தேர்ந்து முழுக் கோப்பையும் அதற்கு மாற்றுங்கள், தேடல் பெட்டியில் வருவதையும் அதே விதியால் மாற்றுங்கள்.