புதுப்பிப்பு: கார்புரேட்டரை எடுத்து இன்ஜெக்‌ஷன் போட்ட வண்டி, ஐடிலிங் தொல்லை தீர்ந்தது

போன முறை எழுதியதன் சுருக்கம்: பழைய நாலு சிலிண்டர் இன்ஜினில் இரட்டைக் கார்புரேட்டரைக் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து தரும் பாகம்) கழற்றிவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் மாட்டினேன். ஆறிய இன்ஜின் ஒழுங்காக ஓடும். சூடேறியதும் ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கும், ஸ்பார்க் பிளக் கரி பிடிக்கும். பெட்ரோல் பம்ப்தான் காரணம் என்று பலர் சொன்னீர்கள், நானும் நம்பினேன்.

பம்ப் இல்லை. கேஜ் வைத்துப் பார்த்தேன், பெட்ரோல் அழுத்தம் 43 பி.எஸ்.ஐ.யில் ஆடாமல் நின்றது. (கார்புரேட்டருக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. போதும். அதற்கான பழைய ரப்பர் ஹோஸ் இந்த அழுத்தத்தைத் தாங்காது, அதை மாற்றாமல் இந்த பம்பை யாரும் ஓட்டிவிடாதீர்கள்.)

குற்றவாளி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் (புகைக் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கசியாமல் அடைக்கும் தகடு)! புகையில் எஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் மயிரிழைக் கசிவு. அதன் வழியே வெளிக்காற்று உள்ளே போக, பெட்ரோல் குறைவு என்று சென்சார் சொல்ல, இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) இன்னும் இன்னும் பெட்ரோலை ஊற்றியிருக்கிறது. லேப்டாப்பில் 14.7 (ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சரியான காற்றின் அளவு) என்று அழகாகக் காட்டும்போதே பிளக் கறுத்தது இதனால்தான். இன்ஜின் சூடாகும்வரை இசியு சென்சார் பேச்சைக் கேட்காமல் மேப்பை (எப்போது எவ்வளவு பெட்ரோல் என்று முன்பே பதிந்த அட்டவணை) வைத்தே ஓட்டும். அதனால் அப்போது கோளாறு தெரியவில்லை. இரண்டு வாரம் மேப்பைத் திருத்தித் திருத்தி வீணாக்கினேன். கேஸ்கெட் மாற்ற ஒரு மதியம்தான் ஆனது.

இன்னொன்று பாக்கி. டேங்கில் பெட்ரோல் குறைந்தால் வளைவில் இன்ஜின் திக்குகிறது. பழைய டேங்குக்குள் தடுப்புத் தகடு கிடையாது, பெட்ரோல் ஒதுங்கியதும் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. பம்புக்கு எப்போதும் பெட்ரோல் கிடைக்கும்படி சேர்த்து வைக்கும் சின்ன சர்ஜ் டேங்க் ஒன்று வைக்கப்போகிறேன். அதுவரை பாதி டேங்குக்குக் கீழே இறங்கவிடுவதில்லை.