வீட்டில் செய்யும் சூரிய அடுப்பு: தெர்மோகோலா, உமியா? தகட்டை எந்தத் திசையில் வைப்பது?

மாடிவீட்டுக்காரன், மதுரை

அனைவருக்கும் வணக்கம். வாடகை வீட்டின் மேல்தளத்தில் இருக்கிறோம். மொட்டை மாடியைப் பயன்படுத்திக்கொள்ள வீட்டுக்காரர் சம்மதித்திருக்கிறார். காலை பத்து மணிக்கே அங்கே வெறுங்காலை வைக்க முடியாது. அத்தனை வெயிலும் வீணாகிறதே என்று ஒரு சூரிய அடுப்பு செய்ய நினைக்கிறேன். கடைப் பெட்டி வேண்டாம். வீட்டில் கிடப்பதை வைத்தே செய்ய வேண்டும்.

மின்விசிறி வந்த பெரிய அட்டைப்பெட்டி, மிக்சி வந்த சிறிய பெட்டி, பழைய ஜன்னலிலிருந்து கழற்றிய 45 செ.மீ. சதுரக் கண்ணாடி, தொலைக்காட்சியோடு வந்த தெர்மோகோல், சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாள் ஆகியவை கைவசம் இருக்கின்றன.

சிறிய பெட்டியைப் பெரிய பெட்டிக்குள் வைத்து, மேலே கண்ணாடியால் மூடப்போகிறேன். இரண்டு பெட்டிகளுக்கும் இடையில் தெர்மோகோல் போடலாமா? கண்ணாடி ஒன்று போதுமா? நான் பார்த்த காணொளிகள் எல்லாம் வெயிலைத் திருப்பும் தகட்டைத் தெற்குப் பார்த்து வைக்கச் சொல்கின்றன. மதுரைக்கும் அப்படித்தானா?

இன்னொரு சிக்கல். பகலில் நானும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவோம். வீட்டில் அம்மா மட்டும்தான். முழங்கால் வலியோடு அவர் அடிக்கடி மாடியேறிப் பெட்டியைத் திருப்ப முடியாது. நான்கு பேருக்குச் சோறும் பருப்பும் வெந்தால் போதும். அம்மாவுக்கு இதில் துளியும் நம்பிக்கையில்லை. "அதிலே அப்பளம் காயும், வேறென்ன?" என்கிறார்.

சாத்தூர்க்காரி

தம்பி, அம்மாவிடம் சொல்லுங்கள்: அப்பளம்தான் அதில் காயாது. மூடிய பெட்டி; ஈரம் வெளியே போக வழியில்லை. சோறு நன்றாக வேகும்.

எங்கள் மாடியில் வற்றல் பாய்க்குப் பக்கத்தில் இந்தப் பெட்டியும் வருடக்கணக்காகக் கிடக்கிறது. வற்றலுக்காவது காக்கை விரட்ட ஆள் வேண்டும். இதற்கு அதுவும் வேண்டாம்.

தெர்மோகோலை எடுத்து ஓரமாக வையுங்கள். நல்ல வெயிலில் காலிப் பெட்டியின் உட்புறம் 100 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் தெர்மோகோல் இளகிச் சுருங்கிவிடும், நாற்றமும் வரும். அரிசி ஆலையில் ஒரு சாக்கு உமி கேளுங்கள். சூட்டை வெளியே விடாமல் தடுக்க உமியைப் போல மலிவான பொருள் நம் ஊரில் வேறில்லை. சட்டென்று தீயும் பிடிக்காது. கிடைக்காவிட்டால் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். நான்கு பக்கமும் நான்கு விரற்கடை கனம் இருக்கட்டும். அடிப்பக்கம் உமியை மட்டும் கொட்டினால் பாத்திரத்தின் கனத்தில் உள்பெட்டி அமிழ்ந்துவிடும். அட்டைத் துண்டுகளை அடுக்கி முட்டுக் கொடுங்கள். உமியை வெயிலில் காயவைத்த பிறகே நிரப்ப வேண்டும். ஈரம் இருந்தால் கண்ணாடியின் உட்புறம் வேர்த்துக் கொட்டும். வேர்த்த கண்ணாடி வழியே வெயில் சரியாக உள்ளே வராது.

உள்பெட்டி ஆழமாக இருக்கக் கூடாது. சட்டியின் உயரத்துக்கு மேல் இரண்டு விரல் இருந்தால் போதும், மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பெரிய பெட்டி என்றால் நிறையச் சமைக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வெறும் காற்றைச் சூடாக்குவதில் என்ன லாபம்? உட்சுவரில் அலுமினியத் தாளை மைதாப் பசையால் ஒட்டுங்கள். அடியில் மட்டும் கறுப்படித்த தகடு. பழைய பிஸ்கட் டின்னின் மூடி நன்றாகப் பொருந்தும். கரும்பலகைக்கு அடிக்கும் பெயிண்ட் போதும். ஆனால் அடித்தவுடன் சமைக்காதீர்கள். காலிப் பெட்டியைச் சில நாள் வெயிலில் வைத்து, பெயிண்ட் வாசனை அறவே போன பிறகு சட்டியை வையுங்கள்.

பாத்திரம்தான் முக்கியம். எவர்சில்வர் தூக்கை வைத்துவிட்டு வேகவில்லை என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பளபளப்பான பாத்திரம் வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மெல்லிய அலுமினியச் சட்டி, இறுக்கமான மூடி, இரண்டுக்கும் வெளிப்புறம் கறுப்பு. விறகடுப்பில் கரி பிடித்த சட்டி ஊரில் யாரிடமாவது இருந்தால் தேய்க்காமல் வாங்கி வாருங்கள்.

ஒரு கண்ணாடியில் வேகும். இரண்டு என்றால் சீக்கிரம் வேகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள். கண்ணாடி உட்காரும் விளிம்பில் பழைய வேட்டித் துணியைச் சுருட்டி ஒட்டுங்கள். வெயிலைத் திருப்பும் தகடுகளைக் கூட்டிக்கொண்டே போவதைவிட இந்த விளிம்பை அடைப்பதில்தான் பலன் அதிகம்.

பட்டறை வாசல்

அக்கா சொன்னதில் ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தெர்மோகோலை வீணாக்க வேண்டாம். வெளிப்பெட்டியை ஒட்டி அதை வைத்து, உள்பெட்டிக்கும் அதற்கும் நடுவே உமியை நிரப்பினால் அதுவரை பெரிய சூடு போகாது.

பலர் அக்னி நட்சத்திரத்துக்காகக் காத்திருந்து இந்தப் பெட்டியைச் செய்கிறார்கள். இதற்கு வேண்டியது வெளிச்சம். காற்றின் சூடு இரண்டாம்பட்சம். 1767இல் ஜெனிவாவைச் சேர்ந்த சொசூர் என்ற அறிவியலாளர் கண்ணாடிகளை அடுக்கி இப்படியொரு பெட்டியைச் செய்தார். பின்னர் மேம்படுத்திய பெட்டியில் தண்ணீரின் கொதிநிலையையும் தாண்டிய சூடு கிடைத்தது. அதை ஆல்ப்ஸ் மலை உச்சிக்கும் தூக்கிக்கொண்டு போனார். அங்கே காற்று மிகவும் குளிர்ந்திருந்தும் பெட்டிக்குள் சூடு பெரிதாகக் குறையவில்லை. ஆகவே, மேகமில்லாத தை, மாசி மாதங்களில் வியர்க்காமலேயே சமைக்கலாம். மங்கலான சித்திரை வெயில் நம்மைத்தான் வேகவைக்கும். ஆடிக் காற்று வேறு சங்கதி: கண்ணாடியின் சூட்டையும் உறிஞ்சும், தகட்டையும் பிய்த்துக்கொண்டு போகும். கயிற்றால் கட்டிவையுங்கள்.

கணக்கும் சொல்லிவிடுகிறேன். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட். உங்கள் கண்ணாடியின் பரப்பு 0.2 சதுர மீட்டர். அதாவது 200 வாட்டுக்கு மேல் விழாது. அதிலும் பாதிக்கு மேல் கசிந்துவிடும். தகடு வைத்தால் கொஞ்சம் கூடும். கேஸ் அடுப்போடு போட்டி போட முடியாது. தாளிப்பு, தோசை, பூரி எல்லாவற்றையும் மறந்துவிடுங்கள்.

மாடிவீட்டுக்காரன், மதுரை

இருவருக்கும் நன்றி. உமிக்கு ஆள் சொல்லிவிட்டேன். திசைக்கும் திருப்புவதற்கும் என்ன வழி?

பட்டறை வாசல்

அந்தக் காணொளிகள் வடக்கே வெகுதொலைவில் இருக்கும் நாடுகளில் எடுத்தவை. அங்கே நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் தெற்கில்தான். மதுரையில் ஏப்ரல் நடுவில் தலைக்கு நேரே வந்து, பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் கடைசியில் மறுபடி தலைக்கு மேல் வரும். அந்த மாதங்களில் தகடு பெட்டியின் தெற்கு விளிம்பில் நின்று வடக்குப் பார்க்க வேண்டும். மற்ற மாதங்களில் நேர்மாறு. நாள்காட்டியெல்லாம் வேண்டாம். நண்பகலில் பெட்டியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கத்து விளிம்பில் தகட்டை நிறுத்துங்கள்.

சூரியன் உச்சியில் இருக்கும்போது, தகடும் கண்ணாடியும் ஒரே நீளம் என்றால், இரண்டுக்கும் இடையே 120 டிகிரி வையுங்கள். தகட்டின் மேல்விளிம்பில் படும் ஒளி கண்ணாடியின் எதிர்விளிம்பில் சரியாக வந்து விழும். மார்கழியில் வெயில் சாய்ந்து வருவதால் தகட்டை இன்னும் நிமிர்த்த வேண்டும். கிழக்கு மேற்காகத் தகட்டின் அகலத்தைக் கண்ணாடியைவிட இருபுறமும் ஒரு சாண் கூட்டிவிட்டால் காலை, மாலைச் சாய்வு வெயிலும் ஓரளவு உள்ளே விழும். பெட்டியைத் திருப்ப வேண்டியிருக்காது. தகட்டை நேராக உற்றுப் பார்க்காதீர்கள்; கண் கூசும்.

சாத்தூர்க்காரி

நீங்கள் வேலைக்குக் கிளம்பும்போது வைத்துவிட்டுப் போங்கள். அம்மா மதியம் ஒரு தடவை ஏறினால் போதும். அடிப்பிடிக்காது, பொங்கி வழியாது. சோற்றுக்கு ஒன்றுக்கு இரண்டு தண்ணீர். வடிக்கும் சோற்றுக்குப் போல நிறைய ஊற்றாதீர்கள், ஆவி வெளியேறாது. துவரம்பருப்பை ஊறவைத்துப் போடுங்கள். புளியை முதலிலேயே சேர்த்தால் பருப்பு சரியாக வேகாது. சாம்பாரைக் கீழே அடுப்பில் கூட்டிக்கொள்ளலாம். நடுவில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திறந்தால் சேர்ந்த சூடு போய்விடும். சூடான கண்ணாடியில் தண்ணீர் தெறித்தால் விரிசல் விடும்.

மேகம் மூடி, உணவு வெதுவெதுப்பாகவே நின்றுவிட்டால் பிறகு வெயில் வரும் என்று காத்திருக்காதீர்கள். 60 டிகிரிக்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போகும். உடனே கீழே கொண்டுவந்து கொதிக்க வையுங்கள். அம்மாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் சோறு வேண்டாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கழுவி, தண்ணீர் ஊற்றாமல் கறுப்புச் சட்டியில் மூடி வையுங்கள். மெதுவாகச் சூடேறுவதால் அதிலுள்ள மாவு இனிப்பாக மாற நேரம் கிடைக்கிறது. தண்ணீரில் அவித்ததைவிட நன்றாக இனிக்கும். அம்மாவிடம் அதைக் கொடுத்துவிட்டு மறுநாள் அரிசி கேளுங்கள்.