கிளட்ச் பெடல் ஸ்பிரிங் உடைஞ்சிருச்சு, மாத்துனவங்க கொஞ்சம் சொல்லுங்க
வணக்கம் நண்பர்களே, என்னோட பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்ல நேத்து கிளட்ச் பெடல மேல இழுக்குற ஸ்பிரிங் போயிருச்சு, செகண்ட் கியர் போட்டு கால எடுக்கும்போது டிக்குனு ஒரு சத்தம், அப்புறம் பெடல் பாதிதான் மேல வந்துச்சு, மீதிய கால் நுனிய அடியில விட்டுத்தான் தூக்க வேண்டியிருந்துச்சு. டார்ச் அடிச்சு பாத்தா கொக்கி மட்டும் பெடல் ஓட்டையில தொங்குது, மீதி சுருள் ஃப்ளோர் மேட்டுக்கு (கால் மிதி விரிப்பு) அடியில கிடக்குது.

ஹைட்ராலிக் கிளட்ச்தான் (ஃப்ளூயிட் அழுத்தத்துல வேலை செய்யுறது), ஃப்ளூயிட் லெவல் சரியா இருக்கு, பெடல்ல இருந்து சிலிண்டர தள்ளுற புஷ் ராட் பக்கமும் கசிவே இல்ல, காஞ்சுதான் இருக்கு. பெடல் முழுசா மேல வராம ஓட்டுனா கிளட்ச விடுவிக்கிற ரிலீஸ் பேரிங் அழுத்திக்கிட்டே இருந்து கிளட்ச் ஸ்லிப் ஆகி பிளேட் தேஞ்சிரும்னு வண்டிய எடுக்கவே இல்ல, ரொம்ப ஆசையா வச்சிருக்குற வண்டிங்க.

புது ஸ்பிரிங் வாங்கியாச்சு, ஆனா மாட்ட முடியல, ஸ்டீயரிங்குக்கு அடியில தலைகீழா படுத்துக்கிட்டு பிளையர்ல இழுத்தா வழுக்கிட்டே போகுது. ஸ்பிரிங்க வைஸ்ல (பட்டறையில இறுக்கிப் பிடிக்கிற கருவி) பிடிச்சு வளைச்சு சுருளுக்கு நடுவுல வாஷர் சொருகி நீளமாக்கிட்டு மாட்டலாம்ல, அப்படி செஞ்சவங்க இருக்கீங்களா? இல்ல பெடலையே கழட்டித்தான் ஆகணுமா? அந்த ஓட்டை வேற தேஞ்சு நீளமாயிருக்கு, ஓரம் கத்தி மாதிரி இருக்கு, அப்படியே விட்டா புது கொக்கியையும் அறுத்துருமோன்னு பயமா இருக்கு, அரம் போட்டு தேச்சா போதுமா?