சிகாகோ ஹாட் டாக்: சாஸேஜா, சாலடா?

ஜெர்சிக்காரன்:

அடுத்த மாதம் வேலை விஷயமாகச் சிகாகோ போகிறேன். அலுவலகத்தில் ஆளாளுக்கு "அங்கே ஹாட் டாக் சாப்பிடாமல் வந்துவிடாதே" என்கிறார்கள். முன்னொரு தடவை போனபோதே சாப்பிட்டாயிற்று. கசகசா தூவிய பன், மஞ்சள் கடுகுச் சாஸ், ரேடியம் பச்சையில் ரெலிஷ் என்ற பொடி ஊறுகாய், பொடியாக நறுக்கிய வெங்காயம், தக்காளித் துண்டுகள், நீளவாக்கில் கீறிய ஊறுகாய் வெள்ளரி, ஸ்போர்ட் பெப்பர் என்று குட்டி மிளகாய்கள், எல்லாவற்றுக்கும் மேல் செலரி உப்பு. இத்தனையையும் விலக்கித் தேடினால் அடியில் ஒரு சாஸேஜ் படுத்திருக்கிறது. அதன் ருசி என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் அது நாக்குக்கு எட்டவே இல்லை.

என் கட்சி இதுதான்: ஹாட் டாக்கில் முதல் மரியாதை சாஸேஜுக்கு. எங்கள் நியூ ஜெர்சிப் பக்கம் கிளிஃப்டனில் ரட்ஸ் ஹட் என்று ஒரு கடை 1928 முதல் நடக்கிறது. மாடும் பன்றியும் கலந்த சாஸேஜை எண்ணெயில் முக்கிப் பொரிப்பார்கள். தோல் வெடித்து நீளமாகக் கிழியும். கிழிந்த ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே சாறு அப்படியே. எண்ணெயில் கிடக்கும் நேரத்தைப் பொறுத்துப் பெயரும் மாறும். சும்மா முக்கி எடுத்தால் இன் அண்ட் அவுட்டர், தோல் கிழிந்தால் ரிப்பர், இன்னும் முறுகினால் வெல்லர், கரிக்கட்டையாக வேண்டுமென்றால் கிரிமேட்டர். மேலே அந்தக் கடையின் மஞ்சள் ரெலிஷ் ஒரு கரண்டி, அவ்வளவுதான். சிகாகோ ஆட்கள் வரலாம், பதில் சொல்லலாம்.

டெவான் தெரு:

வந்தாயிற்று. ஆடத் தெரியாதவள் முற்றம் கோணல் என்றாளாம். விலக்கித் தேடிச் சாப்பிட்டால் பிரியாணியிலும் ருசி தெரியாதுதான். சிகாகோ ஹாட் டாக்கை யாரும் பிரித்துச் சாப்பிடுவதில்லை. ஒரு வாயில் எல்லாம் சேர்ந்து வர வேண்டும். சாஸேஜில் கொழுப்பும் உப்பும் பூண்டும் இருக்கிறது. அதை வெட்டுவதற்குப் புளிப்பு வேண்டும், அதற்கு ஊறுகாயும் கடுகும். காரத்துக்கு மிளகாய். வாயை ஆற்றத் தக்காளி. பன்னை ஆவியில் வைப்பதும் காரணத்தோடுதான். பன் மெத்தென்று இருந்தால்தான் சாஸேஜின் தோல் பல்லில் 'டக்' என்று முறிவது தெரியும்.

அந்தச் சாஸேஜ் ஒன்றும் சாதாரணம் இல்லை ஐயா. 1893இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது ஆஸ்திரியா-ஹங்கேரியிலிருந்து வந்த எமில் ரைக்கெல், சாம் லடானி என்ற இருவர் சாஸேஜ் விற்க ஆரம்பித்தார்கள். அதுதான் வியன்னா பீஃப் கம்பெனி. முழுக்க மாட்டுக்கறி. காய்கறி ஏறியது பிறகு, 1930களின் பஞ்ச காலத்தில். ஒரு நிக்கலுக்கு, அதாவது 5 சென்டுக்கு, ஒரு வேளைச் சாப்பாடு என்று தள்ளுவண்டிக்காரர்கள் கொடுத்தார்கள். கையில் காசில்லாதவன் வயிறு நிறைய வேண்டும் என்று ஏற்றியதை "சாலட்" என்று நக்கல் அடிப்பது நியாயமா?

ஜெர்சிக்காரன்:

பஞ்ச காலக் கதை சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஊரிலேயே அந்தப் பஞ்ச கால முறையை விடாமல் வைத்திருக்கும் கடை எது? ரிவர் குரோவில் இருக்கும் ஜீன் அண்ட் ஜூட்ஸ். அங்கே தக்காளி கிடையாது, ஊறுகாய்த் துண்டு கிடையாது, செலரி உப்பும் கிடையாது. கடுகு, ரெலிஷ், வெங்காயம், மிளகாய். பிறகு அதன் தலையிலேயே ஒரு கை உருளைக்கிழங்கு வறுவலைக் கொட்டி, பொட்டலமாகச் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வரிசை வாசல் வரைக்கும் நிற்கிறது என்று நீங்களே வேறொரு இழையில் எழுதியிருந்தீர்கள். ஏழு சாமான் இல்லாமலே அந்தக் கடை ஓடுகிறதே, எப்படி?

நியூரம்பெர்க்வாசி:

இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. வெந்நீரில் போட்டதா, எண்ணெயில் போட்டதா என்பதா கேள்வி? உள்ளே இருப்பது இரண்டிலும் ஒன்றுதான். ஐஸ் சேர்த்து மாவாக அரைத்த கறி. அரைத்த பிறகு அதில் கறியின் நார் எங்கே, கொழுப்பு எங்கே, ஒன்றும் தெரியாது.

இங்கே ஜெர்மனியின் நியூரம்பெர்கில் சாஸேஜ் விரல் நீளம்தான், 7 முதல் 9 சென்டிமீட்டர். எடை 20 முதல் 25 கிராம். கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்த பன்றிக்கறி, மருவைப் போல மணக்கும் மார்ஜொரம் இலை, செம்மறியின் மெல்லிய குடலில் அடைத்தது. பீச் (beech, பழ மரம் இல்லை) மர நெருப்பில் சுடுவார்கள். அந்தப் புகை வாசம் தெருமுனை வரைக்கும் வரும். மூன்றை ஒரு உருண்டை ரொட்டியில் வைத்துக் கடுகோடு கொடுப்பார்கள். 'த்ரை இம் வெக்லா' என்று கேட்டால் போதும். 2003 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு. நகர எல்லைக்கு வெளியே செய்தால் அந்தப் பெயரே வைக்க முடியாது. நம்ம திண்டுக்கல் பூட்டுக்கு இருக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்கே துரிங்கியா போனால் வேறு கதை. அங்கே குறைந்தது 15 சென்டிமீட்டர் நீளம், சீமைச் சோம்பும் பூண்டும் போடுவார்கள். ஆர்ன்ஸ்டாட் ஊர்க் கன்னியர் மடத்தின் 1404ஆம் வருடக் கணக்கில் சாஸேஜுக்குக் குடல் வாங்கிய செலவு எழுதியிருக்கிறது. இந்த இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால் உங்கள் சிகாகோ-ஜெர்சிச் சண்டை எல்லாம் ஒன்றுமே இல்லை. ஆனால் யாரும் தக்காளி, மிளகாய் என்று பேச மாட்டார்கள். கறி, மசாலா, நெருப்பு. அப்புறம் கொஞ்சம் கடுகு.

டெவான் தெரு:

தக்காளியைப் பற்றி ஜெர்மனியிலிருந்து பாடமா! 1949இல் பெர்லினில் ஹெர்ட்டா ஹாய்வர் என்ற அம்மா சாஸேஜின் மேல் தக்காளிச் சாஸும் கறி மசாலாத்தூளும் போட்டுக் கறிவூர்ஸ்ட் என்று விற்க ஆரம்பித்தார். இன்றைக்கு உங்கள் ஆட்கள் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டு காகிதத் தட்டில் குத்திக் குத்திச் சாப்பிடுவது அதைத்தான். எங்கள் ஊரில் பெரியவர்கள் ஹாட் டாக்கில் கெட்சப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கட்டுப்பாடு யாரிடம் இருக்கிறது, சொல்லுங்கள்.

மாவாக அரைப்பது குறை என்றால், நீங்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் மியூனிக் வெள்ளை சாஸேஜ் மட்டும் என்ன? கன்றுக்கறியைப் பஞ்சு மாதிரி அரைத்துத்தானே செய்கிறார்கள்? அதுபோக அதன் தோலை உரித்துப் போட்டுவிட்டுத் தின்கிறீர்கள்!

ஜெர்சிக்காரருக்கு: ஜீன் அண்ட் ஜூட்ஸ் நல்ல கடைதான், யார் இல்லை என்றது? அங்கேயும் சாஸேஜைத் தனியாக யாரும் கொடுப்பதில்லையே. தக்காளி செய்கிற வேலையை அங்கே உருளைக்கிழங்கு செய்கிறது.

பெரியகுளத்தாள்:

மாடு, பன்றி, கன்று என்று வரிசையாக அடுக்குகிறீர்கள். மாட்டையும் பன்றியையும் சாப்பிடாத நாங்கள் என்ன செய்வது? வீட்டில் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து ஹாட் டாக் கேட்கிறான். கோழியில் வாங்கித் தருகிறேன், ரப்பர் மாதிரி இருக்கிறது. இதில் நல்லது கெட்டது எப்படிப் பார்ப்பது என்று யாராவது சொன்னால் உபயோகம். சிகாகோ ஜெயித்ததா ஜெர்சி ஜெயித்ததா என்பதால் எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஜெர்சிக்காரன்:

அக்கா, நல்ல கேள்வி. பொட்டலத்தின் பின்பக்கம் பொருள் பட்டியலில் 'மெக்கானிக்கலி செப்பரேட்டட் சிக்கன்' என்று முதலில் இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். கறி வெட்டிய பிறகு எலும்பில் ஒட்டியிருப்பதை இயந்திரத்தில் அழுத்திக் கூழாக எடுப்பது அது. அமெரிக்க விதிப்படி இப்படி எடுத்த மாட்டுக்கறியை 2004 முதல் உணவில் சேர்க்கவே கூடாது. பன்றி என்றால் ஹாட் டாக்கில் 20 சதவீதம் வரைதான். கோழிக்கு மட்டும் அளவுக் கட்டுப்பாடு இல்லை. மலிவான கோழி ஹாட் டாக் ரப்பராக இருக்க அதுவும் ஒரு காரணம். இன்னொன்று கொழுப்பு. மாட்டு ஹாட் டாக்கில் 30 சதவீதம் வரை இருக்கலாம். கோழியில் அவ்வளவு போடமாட்டார்கள், அதனால் சாறும் குறைவு.

நியூரம்பெர்க்வாசி:

அக்கா, இதைவிட முக்கியமானது உறை. "சிக்கன் சாஸேஜ்" என்று முன்னால் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அடைத்திருப்பது பன்றிக் குடலில். குடல் இல்லை, கொலாஜன் என்றால் அது பெரும்பாலும் மாட்டுத் தோலிலிருந்து எடுத்தது. அமெரிக்காவில் உறை வேறு விலங்கு என்றால் லேபிளில் சொல்ல வேண்டும்; சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். உங்களுக்குத் தோதானது 'ஸ்கின்லெஸ்'. செல்லுலோஸ் குழாயில் அடைத்து வேகவைத்து, குழாயை உரித்துவிட்டு விற்பது. அதில் எந்த விலங்கின் உறையும் இல்லை. ஆனால் அந்த 'டக்' சத்தமும் வராது. அதற்குத் தோசைக்கல்லில் லேசாக எண்ணெய் விட்டு, உருட்டி உருட்டி முறுக விடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் மட்டும் போடாதீர்கள், இருக்கிற ருசியும் தண்ணீரோடு போய்விடும்.

ஸ்காபரோ:

வணக்கம் அண்ணைமார். ரொறன்ரோவிலை ரோட்டோரத் தள்ளுவண்டியிலை சாஸேஜை நெருப்பிலை வாட்டி, குறுக்காலை கீறித் தருவினம். வேண்டிக்கொண்டு பக்கத்திலை போனால் சோளம், வெங்காயம், ஊறுகாய், புளிச்ச முட்டைக்கோசு எல்லாம் கிண்ணத்திலை இருக்கும், நாங்களே போட்டுக்கொள்ளலாம். சிகாகோ மாதிரி இதைப் போடு, அதைப் போடாதை எண்டு ஒருத்தரும் சட்டம் சொல்ல மாட்டினம். மரக்கறி சாஸேஜும் கனக்க வண்டியிலை இருக்கும், அக்கா கவனிக்கோணும்.

இன்னொண்டு. மசாலா எண்டால் ஜெர்மன்காரரை மட்டும் ஏன் பேசிறியள்? இலங்கையிலை லிங்குஸ் எண்டு ஒரு சாஸேஜ் இருக்கு, போர்த்துக்கேயர் விட்டுட்டுப் போனது. வினாகிரியும் மிளகாயும் தூக்கலா இருக்கும். கோவாவின்ரை சொரிசோவும் அந்தச் சாதிதான். தென்னாபிரிக்காவிலை பூர்வோர்ஸ் எண்டு வளையமாச் சுத்தி வச்சு விப்பினம். அதிலை வறுத்த கொத்தமல்லி விதைதான் முக்கியம். 90 சதவீதம் கறி இருக்கோணும் எண்டு அங்கை சட்டமே இருக்கு. எங்கடை நாக்குக்கு மார்ஜொரத்தை விட அது கிட்ட.

மிச்சிகன் மாமா:

இத்தனை பேர் பேசியும் டெட்ராய்ட்டை ஒருத்தரும் சொல்லவில்லையே. டவுன்டவுனில் அமெரிக்கன் கோனி ஐலண்ட், லஃபாயெட் கோனி ஐலண்ட் என்று இரண்டு கடை, ஒட்டி ஒட்டி. கிரேக்க நாட்டிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் ஆரம்பித்தது. ஒரு குடும்பத்தில் பாதி இந்தக் கதவில் நுழையும், பாதி அந்தக் கதவில் நுழையும். தோலோடு கூடிய சாஸேஜ், மேலே சில்லி என்ற கறிக் குழம்பு, பீன்ஸ் இல்லாமல் தளதளவென்று, கடுகு, பச்சை வெங்காயம். வடக்கே ஒரு மணி நேரம் ஓட்டி ஃபிளிண்ட் போனால் அதே கோனி ஹாட் டாக், ஆனால் சில்லி உதிரியாக இருக்கும், கறிப் பொரியல் மாதிரி. எது சரி என்று அவர்களுக்குள் இன்னும் தீரவில்லை.

டெவான் தெரு அவர்களுக்கு ஒரு வார்த்தை. சிகாகோ மட்டும்தான் ஹாட் டாக் ஊர் என்பது மாதிரிப் பேசுவதுதான் எரிச்சல். அரிசோனாவில் பேக்கன் சுற்றி, பின்டோ பீன்ஸும் மயோனெய்ஸும் போட்டு மெக்சிகோ ரொட்டியில் தருகிறார்கள். டூசானில் அதை விற்கும் எல் குவேரோ கனேலோ கடைக்கு 2018இல் ஜேம்ஸ் பியர்ட் என்ற பெரிய உணவு விருதே கொடுத்தார்கள். அங்கேயும் சாமான் ஏகப்பட்டதுதான். ஜெர்சிக்காரர் அதையும் சாலட் என்பாரா?

ஜெர்சிக்காரன்:

என்பேன் மாமா, தாராளமாக என்பேன். மேலே பத்துச் சாமான் போட்டால் கீழே எந்தச் சாஸேஜ் இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். தரமில்லாத கடைகள் தப்பிப்பது அதனால்தான். சாஸேஜும் கடுகும் மட்டும் கொடுக்கிறவனுக்கு ஒளிய இடமில்லை. நியூயார்க்கின் கோனித் தீவில் நேத்தன்ஸ் 1916இல் கடை போட்டபோது, பக்கத்து ஃபெல்ட்மன்ஸில் 10 சென்ட், இவர் 5 சென்ட் என்று விற்றார். பாதி விலைக்கு விற்றும் இன்று வரை நிற்பது சாஸேஜால்தான், சோடனையால் இல்லை.

டெவான் தெரு:

5 சென்ட் என்பதால்தான் கூட்டம் வந்தது என்று நீங்களே சொல்லிவிட்டு, சாஸேஜால் என்கிறீர்கள். சரி, விடுங்கள். வருகிறபோது ஒரு காரியம் செய்யுங்கள். டெவான் தெருவில் நம் மளிகைக் கடைகளைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டே இருந்தால் மில்வாக்கி அவென்யூ முக்கில் சூப்பர்டாக். 1948 முதல் இருக்கிறது. கூரைமேல் இரண்டு சாஸேஜ் பொம்மைகள் நிற்கும், தவறவே விட முடியாது. காரில் உட்கார்ந்தபடியே வாங்கலாம். அங்கே ஒன்றைச் சாமான் எதுவும் வேண்டாம் என்று கேட்டு வாங்குங்கள், இன்னொன்றை எல்லாம் போட்டு. இரண்டையும் தின்றுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.

ஜெர்சிக்காரன்:

எழுதுகிறேன். ஆனால் முதலில் ஜீன் அண்ட் ஜூட்ஸ்தான். அங்கே உருளைக்கிழங்கைத் தனியாகத் தரச் சொல்லலாமா?

டெவான் தெரு:

கேட்டுப் பாருங்கள். உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பதில் சொல்வார்கள்.