வாரணவாசி அருங்காட்சியகப் பயணம்: தருமபுரியிலிருந்து 40 பிள்ளைகள், விவரம் வேண்டும்

வணக்கம். 8ஆம் வகுப்புப் பிள்ளைகளை அரியலூர் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகிறோம். சேலம், ஆத்தூர், பெரம்பலூர் வழி. விடியற்காலை 5 மணிக்குப் புறப்பாடு. நம்ம பக்கத்துப் பாறையெல்லாம் நைஸ், சார்னோக்கைட், கிரானைட் என்று பூமியின் ஆழத்தில் வெப்பத்தில் உருவான வகை. அதில் ஒரு சிப்பித் தடம்கூடக் கிடைக்காது. அதனால்தான் இத்தனை தூரம்.

மதியம் அருங்காட்சியகம், வெயில் தாழ்ந்து 4 மணிக்குப் புதைபடிவங்கள் கிடைக்கும் காரைப் பள்ளத்தாக்கு என்று வைத்திருக்கிறோம். அங்கே மின்னும் ஜிப்சம் என்ற கனிமத்தைப் பிள்ளைகள் புதைபடிவம் என்று அள்ளிவிடுவார்கள். கல்லை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியில் வினிகர் 2 சொட்டு விட்டால் சிப்பி ஓட்டின் சுண்ணாம்பு நுரைக்கும், ஜிப்சம் நுரைக்காது. இந்தச் சோதனை வழியில் உதிர்ந்து கிடக்கும் கல்லில் மட்டும்தான். சுருள் ஓடு அம்மோனைட்டா (அழிந்துபோன கடலுயிரி) நாட்டிலஸா (இன்றும் வாழும் அதன் உறவு) என்று பார்க்க 10 மடங்கு லென்ஸ் 8 எடுத்திருக்கிறோம். அறைகளின் தடுப்புக் கோடு நெளிந்து மடங்கியிருந்தால் அம்மோனைட், எளிய வளைவாக ஓடினால் நாட்டிலஸ்.

போய்வந்தவர்கள் சொல்லுங்கள்: அருங்காட்சியகத்துக்கு வார விடுமுறை எந்த நாள்? பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக் கல் தருகிறார்களா? காரையில் 50 இருக்கைப் பேருந்து எதுவரை போகும்? பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை எங்கே? சாத்தனூர்க் கல்மரம் (கல்லாக மாறிய பழங்கால மரம்) 18 மீட்டர் நீளம், அதையும் காட்டிவிட ஆசை. ஒரே நாளில் சேர்க்க முடியுமா?