வெள்ளைக்காரன் கல்லைக் கெடுத்தவன் நான்தான்: உங்கள் ஊர்க் கல் அனுபவத்தையும் சொல்லுங்கள்

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், எங்கள் ஊர்ப் போர் நினைவுக் கல்லைக் கெடுத்தது வெயிலும் இல்லை, மழையும் இல்லை. நான்தான். பண்ருட்டியிலிருந்து உள்ளே போகும் ஊர் எங்களுடையது. ஏரிக்கரை வேப்பமரத்தடியில் ஒரு செங்கல் தூண், அதில் பதித்த ஒன்றரை அடிச் சலவைக்கல். இந்த ஊரிலிருந்து 1914-1919 பெரும்போருக்கு 17 பேர் போனார்கள், அதில் 3 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். பெயர் ஒன்றுகூடக் கிடையாது, வெறும் எண்ணிக்கை. இதே வாசகத்தோடு வேறு ஊர்களிலும் கல் உண்டு, எண் மட்டும்தான் மாறும். (சண்டை 1918 நவம்பரில் நின்றுவிட்டது, சமாதான ஒப்பந்தம் 1919 ஜூனில்தான் கையெழுத்தானது.) ஊருக்குள் இதற்குப் பெயர் வெள்ளைக்காரன் கல். பெயர்தான் அப்படி, ஆடி வெள்ளிக்கு மஞ்சள் குங்குமம் எல்லாம் நடக்கும்.

2011 டிசம்பர் 30 தானே புயலில் வேப்பங்கிளை முறிந்து தூணின் தலையில் விழுந்தது. பலாவும் முந்திரியும் போன துக்கத்தில் ஊரே உட்கார்ந்திருந்தபோது கல்லை யார் பார்த்தார்கள்? எனக்கு வீட்டுச் சுவர் பூசியதில் அரை மூட்டை சிமென்ட் மீந்திருந்தது. தூண் முழுக்கப் பூசி, கல்லைச் சுற்றிக் கனமாக அண்டை கொடுத்து, எழுத்துக்குக் கறுப்பு எனாமலும் அடித்து, பார்ப்பவர்களிடமெல்லாம் பாராட்டும் வாங்கிக்கொண்டேன்.

நாலு வருஷத்தில் கல் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தது. துடைத்தேன், திரும்பப் பூத்தது. அப்புறம் ஒருநாள் விரலால் தடவியபோது கல்லே சர்க்கரை மாதிரி உதிர்ந்து கையில் ஒட்டியது. எண் 17இல் ஏழின் கால் பாதி காணோம். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா? சரிசெய்த கதையை அப்புறம் எழுதுகிறேன்.

கடலூர் முதுநகரிலிருந்து

சிமென்ட்டாவது பரவாயில்லை தம்பி. எங்கள் தெருவில் ஒரு பழைய சலவைக்கல் பலகையைப் பளிச்சென்று ஆக்குகிறேன் என்று ஒருவர் கக்கூஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றினார். சோடா உடைத்த மாதிரி பொங்கியது. அழுக்கு போகிறது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம், பொங்கியது கல்தான் என்று பிறகுதான் தெரிந்தது. சலவைக்கல்லும் சுண்ணாம்பு வகைதானே, ஆசிட் பட்டால் கரையாமல் என்ன செய்யும். இப்போது அதில் எழுத்து இருந்த இடம் மட்டும் தெரியும், எழுத்து தெரியாது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து

அண்ணா, எங்களுடையது சொல்தா வீடு. தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், பாட்டி கடைசிவரை அந்தப் பென்ஷன் வாங்கினார். கடற்கரைச் சாலையில் 1938இல் திறந்த போர் நினைவுச்சின்னத்துக்கு ஒவ்வொரு ஜூலை 14க்கும் மலர்வளையம், விளக்கு எல்லாம் உண்டு. ஆனால் தாத்தா கல்லறையைப் பார்த்துக்கொள்வது நாங்கள்தானே. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முதல் நாள் போர்வெல் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் போட்டு ஈர்க்குச்சித் துடைப்பத்தால் தேய்ப்பேன். பத்து வருஷம் பக்தியோடு தேய்த்திருக்கிறேன்! இப்போது கல் ஏடு ஏடாகக் கழன்று வருகிறது. கடல் பக்கம், தண்ணீரும் உப்பு, பவுடரிலும் உப்பு. எந்தத் தண்ணீரில்தான் கழுவுவது?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து, மீண்டும்

தங்கச்சி, பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத தண்ணீர்! நான் டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் கேன் கேனாக வாங்கினேன், எத்தனை வண்டி வைத்திருக்கிறாய் என்று கேட்டார்கள்.

புதுச்சேரியில் பழைய பிரெஞ்சு வீடுகளில் சுண்ணாம்பு வேலை பார்த்த ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். வந்ததும் கல்லைப் பார்க்கவில்லை, தூணைத்தான் பார்த்தார். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போய், பொத்தென்று கேட்ட இடத்திலெல்லாம் கரியால் வட்டம் போட்டார். "அடியில இருந்து ஈரம் ஏறுது, நீ வாசலை அடைச்சிட்ட, அது கல்லு வழியா வெளிய போவுது" என்றார். அவ்வளவுதான் விஷயம். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் விடாது. ஈரம் சிமென்ட்டில் இருக்கிற உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கல்லுக்குள் போய்க் காய்கிறது, உப்பு மணிமணியாய் இறுகும்போது கல்லைத் தள்ளி உதிர்க்கிறது.

கிரைண்டர் மெஷினைத் தொடவிடவில்லை. சின்ன உளியும் சுத்தியலும் வைத்து, கல்லை விட்டு வெளிப்பக்கமாகவே கொத்தி, சிமென்ட்டை எடுக்க ஐந்து நாள். உள்ளே பழைய இரும்புக் கொக்கி துருப்பிடித்து ஊதிப்போய்க் கல்லின் மூலையை விரித்திருந்தது, அதற்குப் பதில் எவர்சில்வர் கம்பி. வெள்ளைக் காகிதத்தை அந்தப் பேட்டரித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிக் கல்மேல் அப்பினோம் (செய்தித்தாள் கூடாது, மை இறங்கும்). காயக் காய உப்பு காகிதத்துக்கு வந்துவிடும். உரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப அப்ப வேண்டும், நாலு தடவை செய்தோம். உன் கல்லறைக்கும் இதைச் செய்யலாம், ஆனால் கழன்ற ஏட்டின் மேல் அப்பினால் அதுவும் சேர்ந்து வந்துவிடும், முதலில் வேலை தெரிந்தவரிடம் காட்டு.

எனாமலை அசிட்டோன் பஞ்சால் எழுத்து எழுத்தாக நானே எடுத்தேன். தண்டனை மாதிரி. பூச்சுக்கு நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, ஆற்று மணல் மூன்று பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர். ஈரச் சாக்கு போர்த்தி இரண்டு வாரம் காத்தோம். சுண்ணாம்பு அவசரப்பட்டால் வெடித்துவிடும்.

ஏழின் காலை மட்டும் திரும்ப வெட்டவில்லை. ஊரில் இதற்குப் பெரிய சண்டை, புதுக் கல்லே வைத்துவிடலாம் என்றுகூட ஒரு கட்சி. ராத்திரி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துக் காட்டினேன், 17 நிழலில் எழுந்து நின்றது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது எண்ணெய்ப் பிரச்சினை. தினமும் விளக்கேற்றும் ஆயாவிடம் கல்லில் எண்ணெய் தடவாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? அவர் மாமனாரின் அண்ணன் அந்த மூன்று பேரில் ஒருவராம், "பசராவுக்குப் போனவரு" என்பார். இராக்கில் பாஸ்ரா அருகே அந்தப் போருக்காக இருக்கும் பெரிய நினைவுச் சுவரில்கூட நம் சாதாரணச் சிப்பாய்களுக்குப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கைதான் வெட்டினார்களே தவிரப் பெயர் இல்லை. அங்கேயும் எண், இங்கேயும் எண். கடைசியில் தூணுக்கு இரண்டடி முன்னால் ஒரு கருங்கல் விளக்குமாடம் வைத்துக் கொடுத்தோம். முதல் நாள் முறைத்தார். இப்போது விளக்கை அங்கே ஏற்றிவிட்டு, குங்குமத்தை மட்டும் தூணின் ஓரத்தில் யாரும் பார்க்காதபோது வைக்கிறார். நானும் பார்க்காத மாதிரி போய்விடுகிறேன்.