தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தபோது வந்தவை

வத்தலக்குண்டுக்காரன்:

கொடைக்கானல் ஏரியில் எத்தனையோ வருடமாகத் தூண்டில் போடுகிறேன். மீன் கதை சொன்னால் வீட்டிலேயே நம்புவதில்லை. அதனால் மீன் இல்லாத கதை ஒன்றைச் சொல்கிறேன். மலை ஏரிகளில் உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். பிடித்த மீனின் எடையை மட்டும் பாதியாகக் குறைத்துச் சொல்லுங்கள், நானும் குறைத்துக்கொள்கிறேன்.

ஒரு மார்கழிக் காலை. ஆறரை மணி இருக்கும். ஏரிமேல் பனிமூட்டம், எதிர்க்கரையே தெரியவில்லை. முந்தின நாளே மீன்வளத் துறையில் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்திருந்தேன். பொட்டுக்கடலை மாவும் கோதுமை மாவும் துளி வெல்லமும் சேர்த்துப் பிசைந்த உருண்டைதான் இரை. கெண்டைக்கு இது போதும். ஆனால் கெண்டை அவசரப்படாது. அடியில் சேற்றைக் கிளறிக்கொண்டே வரும், உருண்டையை உறிஞ்சும், துப்பும், மறுபடி உறிஞ்சும். தக்கை முங்கும் என்று காத்திருப்பவனுக்கு ஒன்றும் கிடைக்காது. பல நேரம் தக்கை லேசாக மேலே எழுந்து, பக்கவாட்டில் படுக்கும். அந்த நொடியில் சுண்ட வேண்டும்.

அப்படிக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்கழுத்தில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு. ஏரியைச் சுற்றி வாடகைக் குதிரைகள் நிற்கும் அல்லவா, குதிரைக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார் என்று நினைத்தேன். திரும்பாமலே, "குதிரை வேண்டாம்ணே" என்றேன். பதில் இல்லை. இன்னொரு மூச்சு. சரி, என்னதான் வேண்டும் என்று திரும்பினால், முதலில் தெரிந்தது வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்கள். அப்புறம்தான் மேலே பார்த்தேன். காட்டுமாடு. கொம்புக்கு நடுவில் என் தலை தாராளமாக நுழையும்.

அந்த நேரம் பார்த்துத் தக்கை படுத்தது. நான் அசையவில்லை. ரீல் கிர்ர்ர் என்று ஓடுகிறது, அசையவில்லை. காட்டுமாடு என்னை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல் பக்கத்துப் புல்லை நிதானமாக மேய்ந்துவிட்டு மேட்டில் ஏறிப் போனது. மீன் பாசிக்குள் புகுந்து தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போய்விட்டது. முள் போச்சு, ஈயம் போச்சு. டீக்கடையில் நடுங்கிக்கொண்டே சொன்னேன். கடைக்காரர் பாலை ஆற்றியபடி, "அது தெனமும் வர்றதுதான் தம்பி. நீங்கதான் புதுசு" என்றார்.

ஒரு விஷயம். இது இயற்கையான ஏரி இல்லை. 1863-ல் லெவிஞ்சு என்ற ஆங்கிலேய அதிகாரி ஓடைகளை மறித்துக் கட்டியது. முதல் படகு தூத்துக்குடியிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்வார்கள். மீனையும் அவர்தான் விட்டாராம். இன்று நாம் பிடிக்கிற கெண்டை எப்போது வந்தது, யாருக்காவது தெரியுமா?

உதகைவாசி:

கெண்டைக்குப் பதில் கடைசியில் சொல்கிறேன். முதலில் டிரவுட், குளிர்ந்த தண்ணீரில் மட்டும் வாழ்கிற மீன்.

என் சித்தப்பா ஊட்டிப் பக்கம் அவலாஞ்சி மீன் பண்ணையில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் குளிர்கால விடுமுறையில் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சினை மீனை ஈரத்துணியில் பிடித்து, வயிற்றைக் கட்டை விரலால் மெல்ல நீவுவார். கேசரி நிற ஜவ்வரிசி மாதிரி முட்டைகள் தட்டில் வழியும். அதன்மேல் ஆண் மீனின் விந்தைப் பீய்ச்சி, கையால் தொடாமல் ஒரு பறவை இறகால் கலக்குவார். பிறகு ஓடும் தண்ணீரில் தட்டுகளை வரிசையாக வைப்பார்கள். செத்த முட்டை வெள்ளையாகிவிடும். அதை உடனே பொறுக்கி எடுக்காவிட்டால் பூஞ்சை மற்றதிலும் பரவும். பொறுக்குவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. சில வாரம் கழித்து ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். கண்கள்! முட்டை நம்மைப் பார்க்கிறது என்று இரவில் பயந்திருக்கிறேன்.

டிரவுட்டுக்குத் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் திணறல்தான். 1860-களில் பிரான்சிஸ் டே என்பவர் கப்பலில் கொண்டுவந்து முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்சன் என்பவர் வானவில் டிரவுட்டை இங்கே நிலைக்க வைத்தார்.

நான் சந்தித்தது நீர்நாய் ஜோடி. 90-களில், அவலாஞ்சி ஏரிக்கு வரும் ஓடை ஒன்றில், முறைப்படி அனுமதி வாங்கி, மூன்று மணி நேரம் ஸ்பின்னரை (தண்ணீரில் சுழலும் தகட்டுப் போலி இரை) வீசி வீசித் தோள் வலித்ததுதான் மிச்சம். இருபது அடி தள்ளி ஒரு தலை எழுந்தது. இன்னொன்று. முங்கின. எழுந்தபோது ஒன்றின் வாயில் டிரவுட் துள்ளிக்கொண்டிருந்தது. பாறைமேல் ஏறி, என்னைப் பார்த்தபடியே தலையிலிருந்து கடிக்க ஆரம்பித்தது. கரக் கரக் என்று சத்தம் கேட்டது. லைசென்ஸ் என் சட்டைப்பையில் இருந்தது.

இப்போது காட்டிலாகா அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போக முடியாது, போகவும் வேண்டாம். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிய மழைக்குப் பிறகு போனபோது நான் நின்ற பாறையையே காணவில்லை.

கெண்டை: பெரிய செதில்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டவைத்த மாதிரி இருக்குமே, கண்ணாடிக் கெண்டை, அது 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்கு வந்தது. ஐரோப்பியச் சரக்கு, இலங்கை வழியாக.

பெயர் வேண்டாம்:

நான் மீன் பிடிக்கிறவன் இல்லை, மீனாகப் பிடிபட்டவன். ஒரு மலை ஏரி, எது என்று சொல்லமாட்டேன். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பெடல் படகில் போனேன். கரையோரம் போகாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். போனேன். திடீரென்று பெடல் இறுகியது. ஒரு பெரியவரின் தூண்டில் நரம்பு எங்கள் சக்கரத்தில் சுற்றிக்கொண்டுவிட்டது. அவருக்குக் கண் பார்வை கொஞ்சம் மந்தம் போலிருக்கிறது. ராடு வளைந்ததும், "பெருசுடா! பெருசு!" என்று கத்திக்கொண்டே இழுக்கிறார். நான் "ஐயா, நாங்க மனுசங்க" என்று கத்துகிறேன். பிள்ளைகள் சிரித்ததில் படகே ஆடியது. அவர் விடவில்லை. கரை சேர்ந்ததும் எங்களை நால்வரையும் பார்த்துவிட்டு, "எடை சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

மஸ்கெலியாப் பிள்ளை:

இலங்கை மலையகத்தில் எங்கள் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தின் அடியில் ஓர் ஊரே இருக்கிறது. பழைய மஸ்கெலியா. 60-களின் கடைசியில் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சி வந்தால் மட்டும் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தலைகாட்டும்.

அப்படியொரு வறட்சியில் மாமாவும் நானும் தூண்டிலோடு போனோம். வெடித்த சேற்றுப் பாளத்தில் நடந்து, தண்ணீர் விளிம்பில் கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்தோம். மண்புழு கோத்துப் போட்டதும் ஜப்பான் மீன் மடமடவென்று கடித்தது. (இந்தியாவில் திலாப்பியா என்பீர்கள்.) ஏழெட்டு விழுந்திருக்கும். மாமா திடீரென்று தூண்டிலைச் சுருட்டினார். காலால் சேற்றை ஒதுக்கிப் பார்த்தார். நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒரு வாசற்படி. பக்கத்தில் சுவரின் அடி தெரிந்தது. "இது கடைத்தெரு. இந்தப் பக்கம் எங்கேயோதான் அப்பா எனக்குச் செருப்பு வாங்கித் தந்தார்" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. பிடித்த மீன்களில் உயிர் இருந்ததையெல்லாம் திரும்ப விட்டுவிட்டார். வீட்டில் அத்தை திட்டினார். அன்றைக்குப் பருப்புதான்.

மழை பெய்ததும் படி மறைந்துவிட்டது. இப்போது படகில் அந்த இடத்தைக் கடந்தால் மாமா பேச்சை நிறுத்திவிடுவார். எந்த இடம் என்று அடையாளம் எதுவும் இல்லை. எப்படித்தான் கண்டுபிடிக்கிறாரோ.

வத்தலக்குண்டுக்காரன்:

மாமாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

நீர்நாய் அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள், மற்றவர்களுக்கும்தான். அறுந்த நரம்பைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள். போன மாதம் ஒரு தாழைக்கோழியின் காலில் சுற்றியிருந்ததை வெட்டி எடுக்க அரை மணி நேரம் ஆனது. கையெல்லாம் கொத்து.

அப்புறம், மஸ்கெலியாப் பிள்ளை, அந்த 1939 கணக்குப்படி பார்த்தால் அன்றைக்கு என் நரம்பை அறுத்துக்கொண்டு போனது உங்கள் ஊர் வம்சம். முள் ஆறாம் நம்பர், புதுசு. பார்த்தால் திருப்பித் தரச் சொல்லுங்கள்.